மேல்படியில் சிக்கிய வெள்ளி

கண்ணு,

புது ஊர் போய் இறங்கியதும் நீ முதலில் சாப்பிடத்தான் எதையாவது தேடுவாய் என்று உன் அம்மா சொல்கிறாள். பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே, பழைய துண்டில் சுற்றி இரண்டு அலுமினிய உருளைகள் இருக்கும். இந்தக் கடிதம் அவற்றோடுதான் இருக்கிறது. ஒன்று கேட்டால் எதற்கு இரண்டு என்று பதற வேண்டாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். இதையெல்லாம் ஏர்போர்ட்டில் நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்றும் நினைப்பாய். நேரில் என் வாய் என்ன வேகத்தில் போகும் என்று உனக்கு எப்போதும் தெரியும், எனக்கு இந்த வருஷந்தான் தெரிந்தது. பேனாவைப் பிடித்தால் அந்த வேகம் வருவதில்லை. ஷாஃப்ட் கடைந்து காய்த்துப்போன விரல்கள், ஒரு வரி எழுதுவதற்குள் வலிக்க ஆரம்பித்துவிடும். அதனால் நிதானமாகத்தான் எழுத முடிகிறது, நீயும் நிதானமாகப் படி.

நீ ஆராய்ச்சிக்குப் போன புதிதில், பட்டறைக்கு வருகிறவர்கள் "பாப்பா என்னங்க படிக்குது?" என்று கேட்டால் "அணுவுங்க" என்று சொல்லிவிட்டு மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துக்கொள்வேன். அதற்குமேல் கேட்டால் என் சரக்கு அவ்வளவுதான் என்று தெரிந்துவிடும் அல்லவா? ஐ.டி.ஐ. படித்துவிட்டு, கணபதி ஏரியாவில் ஒரே ஒரு லேத்தோடு பட்டறை போட்டு, பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து பிழைத்தவன் நான். நீ பன்னிரண்டாவது முடித்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் இன்ஜினியரிங் என்றார்கள், நானும் என் பங்குக்கு நச்சரித்தேன். காலையில் இட்லிக்கு நடுவில் கொஞ்சம், சாயங்காலம் டீக்கு நடுவில் கொஞ்சம் என்று ஒரு மாதம் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டே ஃபிசிக்ஸில் சேர்ந்துவிட்டாய். அந்த ஒரு மாத நச்சரிப்பில் ஒரு சொல்கூட உன் மனசில் தங்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் இதற்கு வருகிறேன்.

உன் படிப்பு எனக்கு முதலில் பிடிபட்டது அந்தப் பொங்கல் லீவில். பட்டறையில் ஆள் இல்லை. நீ ஒரு காலி அலுமினியப் புல்லியைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாய். கிரீஸில் தோய்த்த வேஸ்ட் துணியைப் பந்தாகச் சுருட்டி, "இதுதானுங்கப்பா அணுக்கரு, இந்தத் துணி நியூட்ரான்" என்றாய். மெதுவாக நடுவில் போட்டாய். துணி புல்லியில் ஒட்டிக்கொண்டது, புல்லி லேசாக அசைந்து நின்றது. அடுத்ததை ஓங்கி விளிம்பில் அடித்தாய். புல்லி கயிறு முறுக்கிக்கொள்ளும் அளவுக்குச் சுழன்றது. மூன்றாவது பந்து விளிம்பில் பட்டு ஒட்டாமல் தெறித்து, எங்கேயோ டிரில்லிங் மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. ஆனாலும் புல்லி சுழன்றது. "மெதுவா வர்றவன் உள்ளே போய்த் தங்கிக்குவானுங்க, சுழற்சி ஒன்னும் பெருசாக் கொண்டுவர மாட்டான். வேகமா வர்றவன் சுழற்சியோட வருவான். சில சமயம் தங்கறதுகூட இல்லீங்க, தட்டிப்போட்டு ஓடிப்போயிருவான்." புதுச் சுடிதார் முழுக்க கிரீஸ். அன்றைக்கு உன் அம்மா நம் இருவரையும் திட்டிய திட்டு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

பிறகு அந்தப் படிக்கட்டுக் கதையைச் சொன்னாய். அடிபட்ட அணுக்கரு எங்கேயோ மேல்படியில் போய் நிற்கும். அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கொண்டே படிபடியாக இறங்கும். கண் சிமிட்டுவதற்குள் தரைக்கு வந்துவிடும். ஆனால் சில அணுக்கருக்களில் ஒரு படி மட்டும் ஏடாகூடமாக இருக்குமாம். அந்தப் படியின் சுழற்சிக்கும் கீழே இருக்கிற படிகளின் சுழற்சிக்கும் நிறைய வித்தியாசம். அவ்வளவு சுழற்சியையும் ஒரே மூச்சில் உதற முடியாமல், போன அணுக்கரு அங்கேயே உட்கார்ந்துவிடும். அதன் பெயர்தான் ஐசோமர். பிரித்து எண்ணினால் அதே புரோட்டான்கள், அதே நியூட்ரான்கள், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. இறங்க வழி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் பெரிய மேதாவி மாதிரி, "பவர் பிரெஸ்ஸை ஆஃப் பண்ணுன பொறவும் ஃபிளைவீல் சுத்துமே, அப்படியா கண்ணு?" என்று கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். "அது தேஞ்சு தேஞ்சு நிக்குமுங்கப்பா. இது தேயாதுங்க. அப்படியே இருக்கும். திடீர்னு ஒரு நொடியில எறங்கிரும். எப்ப எறங்கும்னு அதுக்கே தெரியாதுங்க."

உன் வேலையே அதுதான் என்றாய். வெவ்வேறு வேகத்தில் நியூட்ரான்களை அனுப்பி, எத்தனை அணுக்கருக்கள் மேல்படியில் சிக்குகின்றன, எத்தனை நேராகத் தரைக்கு வருகின்றன என்று அளப்பது. மெதுவானவற்றுக்கு அணு உலை, வேகமானவற்றுக்கு வேறொரு மெஷின். நீ எடுத்துக்கொண்ட உலோகம் இண்டியம், நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையானது. மெதுவான நியூட்ரான் அதற்குள் போய்த் தங்கினால் ஒரு வகை ஐசோமர், ஒரு மணி நேரத்துக்குள் பாதி ஆறிவிடும். வேகமானது தட்டிவிட்டு ஓடினால் இன்னொரு வகை, அது பாதியாக நாலரை மணி நேரம் ஆகும். இரண்டும் கலந்துவிடாமல் இருக்க, காட்மியம் தகட்டால் சுற்றிவிட்டால் மெதுவானவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிடுவார்களாம். எனக்கு முழுதாகப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் லேத்துக்கு அடியில் விழும் அலுமினியச் சுருள்களைப் பொறுக்கி, விரலை வெட்டிக்கொண்டு, அழாமல் வந்து காட்டுவாயே, அதே முகம்.

அந்த லீவு முடிந்து நீ போன கொஞ்ச நாளில் ஒரு படம் அனுப்பினாய். இண்டியம் தகட்டை வைப்பதற்கு அலுமினியத்தில் ஒரு ஹோல்டர். ஆராய்ச்சிக்காக நீ என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. போனில் படித்துப் படித்துச் சொன்னாய். "வேற எந்த உலோகமும் சேரக்கூடாதுங்கப்பா. பழைய டூல்ல ஒட்டியிருக்கற பித்தளைத் தூள்கூட ஆவாதுங்க. கை வேர்வை பட்டாக்கூட உப்பு ஒட்டிக்கும்." நான் லேத்தை இரண்டு தடவை துடைத்தேன். புது டூல் பிட் மாட்டினேன். கையுறை போட்டேன், பட்டறையில் ஒருத்தரையும் கிட்டே அண்டவிடவில்லை. எங்கள் பட்டறையில் அவ்வளவு சுத்தமாக ஒரு பொருள் அதற்குமுன் வெளியே போனதே இல்லை. அப்படிச் செய்த பிறகு, அடிப்பாகத்தில் ஒரு சின்னத் துளை போட்டு, நீ குழந்தையாக இருந்தபோது போட்ட கொலுசிலிருந்து வெட்டிய ஒரு பொட்டு வெள்ளியை உள்ளே வைத்தேன்.

இது எப்படி ஒரு மனுஷன் செய்வான் என்று உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குப் புரியவே புரியாது. உனக்குப் புரியும். நம் பக்கம் வீட்டுக்கு வாசல் நிலை வைக்கும்போது அடியில் நவதானியத்தோடு ஒரு பொட்டுத் தங்கமோ வெள்ளியோ போடாமல் நிறுத்த மாட்டார்கள். நான் அந்தப் பழக்கத்தை மெஷினுக்குக் கொண்டுவந்தவன். முதல் லேத்தை இறக்கியபோது போல்ட் குழிக்குள் உன் அம்மாவின் மெட்டியை வெட்டிப் போட்டுத்தான் கான்கிரீட் ஊற்றினேன். அதற்குப்பிறகு வந்த ஒவ்வொரு மெஷினுக்கும் அடியில் வெள்ளி இருக்கிறது. உன் முதல் வேலைக்கு வைக்காமல் விடுவேனா? பொள்ளாச்சியில் உனக்கு வாங்கி, ஜோடி தொலைந்துபோன அந்த ஒற்றைக் கொலுசை உன் அம்மா இத்தனை வருஷம் பீரோவில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தாள். துளையை அலுமினியத்தாலேயே அடைத்து, மேற்பரப்பைக் கடைந்து, கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத மாதிரி செய்தேன். நீ சொன்னதை மீறுகிறோம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை, சாமி. செம்பு உலோகம், பித்தளை உலோகம், ஈயம் உலோகம். உன் கொலுசு எப்படி உலோகமாகும்?

ஒரு மத்தியானம் நீ போனில் கூப்பிட்டபோது நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஹோல்டர் அணு உலைக்குள் போய்விட்டு வந்துவிட்டது, மற்ற கதிர்கள் எல்லாம் ஆறிப்போன பிறகும் கதிர் அளக்கும் திரையில் சில கோடுகள் மட்டும் நாள்கணக்கில் அப்படியே நிற்கின்றன என்றாய். "அது வெள்ளியோட கோடுங்கப்பா. ஹோல்டர்ல வெள்ளி எப்படி வந்துச்சுங்க?" நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "கண்டுபுடிச்சுப்போட்டியா கண்ணு! மைக்ரோமீட்டர்லயே தெரியாத மாதிரி வெச்சிருந்தேனே!" என்று பெருமையாகச் சொன்னேன். நீ மெதுவாகச் சொன்னாய். "முழுக்க அலுமினியம், வேற ஒன்னும் இல்லைனு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேனுங்கப்பா. நீங்க செஞ்சதுனாலதான் சோதிச்சுக்கூடப் பார்க்காமப் போட்டேன்." என்னைக் கேள்வி கேட்கிறாளே என்று சுருக்கென்று ஏறியது. "ஒரு பொட்டு வெள்ளிக்கு இத்தன ஆட்டமா? உங்கப்பன் என்ன வெசத்தையா வெச்சுப்போட்டான்? எல்லாம் படிச்ச திமிரு!" என்று கத்திவிட்டேன். "சரிங்கப்பா, போனை வெச்சர்றேனுங்க" என்றாய்.

கோபம் எனக்கு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. துண்டில் கையைத் துடைப்பதற்குள் போய்விட்டது. சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி உனக்கு போன் போட்டேன். எடுத்தாய். "சாப்பிட்டீங்களாங்கப்பா? அம்மாக்கு முட்டி வலி எப்படிங்க? அங்க மழைங்களா?" என்றாய். அதற்குப்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே மூன்று கேள்விகள். நம் ஊர்ப் பேச்சில் ஒரு வசதி உண்டு, அது ஒரு கொடுமையும்கூட. எவ்வளவு கோபம் இருந்தாலும் மரியாதை குறையாது. வேற்றூர்க்காரன் கேட்டால் தங்கமான பெண் என்பான். எனக்கு மட்டும் தெரிந்தது, என் மகள் அந்த 'ங்க'வுக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று. உன்னை அணு உலைக்கு வரவிடாமல் கொஞ்ச காலம் நிறுத்திவைத்ததும், பாதுகாப்புக் கமிட்டி முன்னால் போய் நீ விளக்கம் சொன்னதும் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த ஹோல்டரைப் பெங்களூரில் செய்துகொண்டாய் என்பதும் அவள் சொன்னதுதான். அன்றைக்கு நான் பட்டறைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

உன்னிடம் எதைப் பேசினால் கூட இரண்டு நிமிஷம் இருப்பாய் என்று யோசித்து யோசித்து, கடைசியில் உன் பாடத்தையே கேட்க ஆரம்பித்தேன். அது பலித்தது. பாடம் என்று வந்தால் உனக்குக் கோபம் மறந்துவிடும். "அந்த வெள்ளி ஏங் கண்ணு ஆறவே மாட்டேங்குது?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். நீ சொன்னாய். "வெள்ளியில ஒரு வகைங்கப்பா, மெதுவான நியூட்ரான் உள்ளே போனா இருபதுல பத்தொம்பது நேராத் தரைக்கு வந்துரும். அதெல்லாம் அரை நிமிசத்துக்குள்ள பாதி போயிருமுங்க. மிச்சம் ஒன்னு மட்டும் மேல்படியில சிக்கிக்கும். அது பாதியாகறதுக்கே எட்டு மாசம் ஆகுமுங்க." அதே வெள்ளி, உள்ளே போனதும் அதே நியூட்ரான், ஒன்று அரை நிமிஷம், ஒன்று எட்டு மாதம். போனை வைத்த பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அரை நிமிஷத்தில் ஆறுகிறது யார் என்று எனக்குத் தெரிந்தது, எட்டு மாசக்காரி யார் என்றும் தெரிந்தது.

அடுத்த வாரம், "வேகமா வந்தா மேல சிக்கறது கூடுமா?" என்று கேட்டேன். பெரும்பாலும் கூடும், வேகமாக வருகிறது சுழற்சியைக் கூடக் கொண்டுவருகிறது, மேல்படிக்குத் தேவையானதும் அதுதான் என்றாய். "ஆனா எப்பவும் அப்படித்தான்னு சொல்ல முடியாதுங்கப்பா. எந்த அணுக்கரு, எந்தப் படி, எவ்வளவு வேகம், எல்லாம் பார்க்கோணும். அதனாலதான் ஒவ்வொரு வேகத்துலயும் அளக்கறோம்." ஒரு மாதம் இட்லிக்கு நடுவில் நான் சொன்ன சொல் எல்லாம் உன்னிடம் ஏன் தங்கவில்லை, அந்த மத்தியானம் ஓங்கி அடித்த ஒரே ஒரு சொல் ஏன் சிக்கிக்கொண்டது என்று எனக்கு அப்போது விளங்கியது. நீ கணக்குப் போட்டுச் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்ள முடியும். விஞ்ஞானத்தை வீட்டு விஷயத்துக்கு இழுக்கிறேன் என்று நீ முகம் சுளிப்பாய், சுளித்துக்கொள். இன்னொன்றும் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அது எப்போது இறங்கிப் பழையபடி ஆகும் என்று. "பெரும்பாலும் அது பழையபடி ஆகறதில்லைங்கப்பா. படியில எறங்காம நேரா காட்மியமா மாறிப்போயிருமுங்க" என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை. பழையபடி ஆகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தீசிஸ் முடித்து, வெளிநாட்டு வேலையும் கிடைத்து, போவதற்குமுன் நீ வீட்டுக்கு வந்தாய். வந்த மூன்றாம் நாள், பதினொரு மணி டீ வந்த நேரத்தில் பட்டறைக்குள் நுழைந்தாய். பல வருஷம் கழித்து வந்தவள் மாதிரி ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தாய். "எந்த லேத்துலங்க செஞ்சீங்க?" காட்டினேன். "அந்த அடைப்பை எப்படிங்க போட்டீங்க? லேப்ல அறுத்துப் பார்த்த பொறவுதான் அடைப்போட கோடே தெரிஞ்சுது." கண்ணு, என் புத்தி எப்படிப்பட்டது பார். கேட்டுவிட்டாளே என்று சந்தோஷத்தில் ஆரம்பித்துவிட்டேன். ஹோல்டரைச் சூடு பண்ணி, அடைப்பை பேக்கரியில் வாங்கிய ஐஸில் குளிரவைத்து, சூடு ஆறுவதற்குள் உள்ளே இறக்கி, என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டே போனேன். பாதியில் நீ வெடித்தாய்.

"அறிவிருக்குதாங்கப்பா உங்களுக்கு?" என்றாய். பட்டறையில் இருந்த எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். "அத்தன தடவ சொன்னேனே! வேர்வைகூடப் படக்கூடாதுன்னு சொன்னேனே! கொலுசை வெச்சுப்போட்டு அதுக்கு ஐஸ் வேற வாங்குனீங்களாக்கும்!" திட்டும்போதுகூட அந்த 'ங்க' போகவில்லை, எனக்குச் சிரிப்பு வந்தது, நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன். 'படிச்ச திமிரு' என்று நான் சொன்னதைச் சொல்லிக் காட்டுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னாய். ஆனால் அதோடு நிற்கவில்லை. குரல் உடைந்தது. "கமிட்டிக்கு எழுதும்போது எங்கப்பா கொலுசு வெச்சுட்டாருன்னு எழுதுனா சிரிப்பாங்கன்னு பயந்து போனேனுங்க. 'தயாரித்த நபர்'னு எழுதிப்போட்டேன். தயாரித்த நபர் தெரிவிக்காமல் வெள்ளி சேர்த்துவிட்டார், சோதிக்காதது என் தவறுன்னு. உங்களைப் போய் யாரோ மாதிரி எழுதிப்போட்டேனுங்கப்பா. அதுதான் எனக்கு இன்னும் ஆறலீங்க."

இத்தனை மாதமும் என் சொல்தான் உனக்குள் சிக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் சொல்லும் சேர்ந்து உன்னை அடித்திருக்கிறது. போனில் குரல் ஏன் அப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் மேல் கோபம் மட்டும் என்றால் நீ எப்போதோ கத்தியிருப்பாய். "உண்மையத்தான எழுதியிருக்கறே சாமி, செஞ்சவன் நாந்தான" என்றேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்கள் முன்னால் அழுத வெட்கத்தில் நீ கையில் கிடைத்த வேஸ்ட் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தாய், முகம் முழுக்க கிரீஸ் ஆனது. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. டீ ஆறிப்போய்விட்டது, ஆறின டீயையே குடித்தோம்.

பிறகு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து பெஞ்சின் மேல் விரித்தாய். புது ஊரில் நீ செய்யப்போகும் வேலைக்கு ஒரு ஹோல்டர். அளவுகள், அலுமினியம் எந்த ரகம், எதனால் கழுவ வேண்டும், எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. கீழே செய்தவர் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை நீயே டைப் அடித்திருந்தாய். "உள்ளே ஒன்னும் வெக்கக்கூடாதுங்க. காத்துகூட வெக்கக்கூடாதுங்க" என்று விரலை நீட்டி எச்சரித்தாய். பழைய மகள் திரும்பி வரவில்லை என்பதை அப்போது பார்த்தேன். கொலுசு போட்டுக்கொண்டு சுருள் பொறுக்கிய அந்தக் குழந்தை அந்தப் படத்தை வரையவில்லை. எது உள்ளே வரலாம், எது வாசலோடு நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒரு பெண் வரைந்திருந்தாள். உன் காட்மியத்தை எனக்கு அப்போது பிடித்துவிட்டது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்றாலும் அப்பனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது உன்னைக் காயப்படுத்தினால் அன்றைக்கே சண்டை போட்டுவிடு. மரியாதையாகப் பேசிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணாதே, நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வியாதி உண்டு. யாராவது சின்னப் பிள்ளைகள் உன்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து தப்புச் செய்தால், சொல்ல வேண்டியதை மெதுவாகச் சொல். நூறு தடவை மெதுவாகச் சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. யார் கொடுத்த பொருளானாலும் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதே. அன்பாகச் செய்தவன் ஒழுங்காகச் செய்திருப்பான் என்று நினைப்பதுதான் நீ செய்த ஒரே தப்பு, அந்தத் தப்பைச் செய்யவைத்தது நான். வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். உன் அம்மா சொல்லச் சொன்னது இது, அவளே தினமும் போனில் சொல்வாள் என்றாலும் எழுதச் சொல்கிறாள்.

இனி உருளைகளுக்கு வருகிறேன். நீ கொடுத்த படத்தைப் பார்த்து லேத்தை நாலு தடவை துடைத்தேன். செய்து முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. துளை போட டிரில் பிட்டைக் கையில் எடுத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். உன் அம்மா பக்கத்தில் நின்று, "ஏனுங்க, பிள்ளை அவ்வளவு தூரம் போகுது. ஒன்னுமே வெக்காமயா அனுப்பறது?" என்றாள். அவள் கையில் அந்தக் கொலுசின் மீதி இருந்தது. இரண்டு பேரும் அந்த அலுமினியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெறுமையாக அனுப்ப எங்களுக்கு மனசே வரவில்லை. நிலைக்கு அடியில் ஒன்றும் போடாமல் வீடு கட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் நீ என் பெயரைப் போட்டிருந்தாய். டிரில் பிட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் கொலுசை பீரோவில் வைத்துவிட்டு, இனி அதை யாரும் தொடக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், கொடுத்தது அவளே என்பதை மறந்துவிட்டு.

அதே கம்பியிலிருந்து, அதே நாளில், அதே டூலில் இன்னொன்றும் கடைந்தேன். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, எது முதலில் செய்தது என்று எனக்கே தெரியாது. உனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து நடுவில் அறுத்துப் பார், கண்ணு. எங்கே வேண்டுமானாலும் அறு. "வேண்டாமுங்கப்பா, உங்களை நம்பறேன்" என்று நீ சொல்வாய் என்று தெரியும். நம்பிக்கொண்டே அறு. அறுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. இந்தத் தடவை எனக்குக் கோபம் அரை நிமிஷம்கூட வராது.

உள்ளே ஒன்றுமே இருக்காது, சாமி. வைக்க நினைத்ததையெல்லாம் இந்தக் காகிதத்தில் வைத்துவிட்டேன். இதை மட்டும் ரியாக்டர் பக்கம் கொண்டுபோய்விடாதே.

தயாரித்த நபர்,
உன் அப்பா